பட்டினி பழகிய செடி

நான் வளர்த்த முதல் குடுவைச் செடி சாணிப்பொடியால் செத்தது. உதியன்குளங்கரைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் புதிதாகச் செடி வந்தால் முதலில் நடப்பது அதுதான். செம்மண், மக்கின சாணிப்பொடி, ஒரு கை எலும்புப்பொடி, கொஞ்சம் வேப்பம்பிண்ணாக்கு, பெரிய தொட்டி, மாற்றி நட்டாயிற்று. வாழையும் சேனையும் கறிவேப்பிலையும் இதைத் தின்றுதான் கொழுக்கின்றன, நெப்பந்தஸ் என்ற இந்தக் குடுவைச் செடிக்கு மட்டும் என்ன கேடு என்று நினைத்தேன். பத்து நாளில் இலை விளிம்பு கருகியது. மூன்று வாரத்தில் தண்டைத் தொட்டால் வேரோடு கையில் வந்துவிட்டது. கறுத்து, நூல் போல இருந்தது வேர். இந்தச் செடியின் நல்ல வேரும் கறுப்பாகத்தான் இருக்கும் என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அதில் அழுகல் வாடை இருக்காது.

இரண்டாவது செடி பிழைத்தது. அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. வாங்கிவந்த அன்றே வீட்டில் கல்யாண வேலை தொடங்கிவிட்டது. நர்சரியில் தந்த தொங்குதொட்டியிலேயே, தேங்காய்க் கதம்பைத் துண்டுகளோடு, கிழக்கு வராந்தாக் கம்பியில் மாட்டிவிட்டு மறந்துபோனேன். இடவப்பாதி மழை சாரலடித்துக்கொண்டே இருந்தது. ஒன்றரை மாதம் கழித்து அண்ணாந்து பார்த்தால், இலை நுனிகளில் கட்டைவிரல் பருமனில் மூன்று புதுக் குடுவைகள்.

ஏன் என்று கேட்டால் பதில் மண்ணில் இருக்கிறது. எங்கள் பக்கத்து ஊரின் பெயர் செங்கல். மலையாளத்தில் செங்கல் என்றால் வெட்டுக்கல். நிலத்திலிருந்து அறுத்தெடுத்து, வெயிலில் வைத்து, சுவராகக் கட்டும் துளைத்துளையான சிவப்புக் கல். மலப்புறம் பக்கத்து அங்காடிப்புறத்தில் இந்தக் கல்லைப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன்தான், 1807-இல் வெளியான தன் பயண நூலில் ‘லேட்டரைட்’ என்ற பெயரைச் சூட்டினார். இன்று உலகம் முழுக்க அந்தப் பெயர்தான். இது மழை தின்ற மண். ஆண்டுக்கு இரண்டு பருவமாக, ஆயிரமாயிரம் ஆண்டுகளாகப் பெய்த மழை, சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் மற்ற சத்துகளையும் கரைத்துக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டது. கரையாத இரும்பும் அலுமினியமும்தான் மிச்சம். அதனால்தான் நாம் சாணியும் சாம்பலும் போட்டுப் போட்டு வாழை வைக்கிறோம்.

நெப்பந்தஸ் அந்த ஏழ்மைக்குத் தன்னைப் பழக்கிக்கொண்ட கொடி. வெள்ளை மணற்காடு, பாறைச்சரிவு, சதுப்பு என்று மற்ற செடிகள் திணறும் இடங்களில் அது நிற்கும். மண்ணில் கிடைக்காத நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் பூச்சியின் உடலிலிருந்து எடுத்துக்கொள்ளும். உப்புச் செறிவுள்ள மண்ணைக் கையாளும் பழக்கம் அதன் வேருக்கு இல்லை. நான் போட்ட எருவில் இருந்த உப்பு வேரைச் சுட்டுவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், இத்தனை பொருத்தம் இருந்தும் மேற்கு மலைத்தொடரில் நெப்பந்தஸ் இயற்கையாக வளரவில்லை. பனித்துளி போல ஒட்டும் பிசினால் பூச்சி பிடிக்கும் டிரொசீரா, ஈர வெட்டுக்கல் தரையில் கிடைக்கும். குடுவைக் கொடிக்கோ, தெற்கே கடல் தாண்டி இலங்கைக்குப் போகவேண்டும். அல்லது வடகிழக்கே மேகாலயாவுக்கு. இலங்கையின் தென்மேற்கு ஈரக் காடுகளில் உள்ளது நெப்பந்தஸ் டிஸ்டிலேட்டோரியா, சிங்களத்தில் பந்துரா. லின்னேயஸ் அந்தச் செடியை வைத்துத்தான் இந்தப் பேரினத்துக்கே பெயரிட்டார். ஹோமரின் காவியத்தில் ஹெலன் துயரம் மறக்க மதுவில் கலந்து கொடுக்கும் மருந்தின் பெயர் அது. ‘டிஸ்டிலேட்டோரியா’ என்றால் வடித்தெடுப்பது. குடுவை தானே தண்ணீர் வடித்து வைத்துக்கொள்வதைப் பார்த்து வியந்து வைத்த பெயர்.

மேகாலயாவில் காசி, காரோ, ஜைந்தியா மலைகளில் உள்ளது நெப்பந்தஸ் காசியானா. இந்திய மண்ணில் இயற்கையாக வளரும் ஒரே நெப்பந்தஸ் இதுதான். காரோ மொழியில் இதை மேமாங்-கோக்சி என்கிறார்கள். பேயின் கூடை என்று பொருள். ஜைந்தியாக்காரர்கள் பேயை விட்டுவிட்டு வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்: மூடி போட்ட ஈ வலை. எனக்கு இந்தப் பெயர்தான் பிடிக்கும்.

அந்த வலை எப்படி இருக்கிறது என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது எளிது. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டிய சிரட்டை. மழைநீர் கலக்காமலிருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் பாவாடை. குடுவைக்கு மேல் நிற்கும் மூடிக்கும் அதே வேலைதான், மழை விழுந்து உள்ளே இருக்கும் சாறு நீர்த்துப்போகாமல் காப்பது. பலர் நினைப்பதுபோலப் பூச்சி விழுந்ததும் அந்த மூடி படக்கென்று மூடிக்கொள்வதில்லை. ஒரு தடவை திறந்தால் திறந்ததுதான். குடுவை பூவும் இல்லை, காயும் இல்லை. இலையின் நுனிதான் கொடிக்கம்பியாக நீண்டு, பிறகு ஊதி, குடுவையாகிறது.

குடுவையின் வாயைச் சுற்றி வரிவரியாக, வழுவழுப்பான ஒரு வளையம் இருக்கிறது. அதில் தேன் சுரக்கும். எறும்பு வரும். இதில் 2004-இல் போன், ஃபெடர்லே என்ற இரு ஆய்வாளர்கள் கண்ட சங்கதி எனக்கு அலுக்காதது. வளையம் காய்ந்திருக்கும்போது எறும்பு அதன்மேல் தாராளமாக நடக்கிறது. ஈரமாகிவிட்டால் மெல்லிய நீர்ப்படலம் விரிந்து, மழைத் தார்ச்சாலையில் பைக் டயர் வழுக்குவது போலக் கால் வழுக்கி உள்ளே விழுகிறது. அப்படியானால் பகல் வெயிலில் காய்ந்து கிடக்கும் நேரமெல்லாம் பொறி வீணா? 2015-இல் உல்ரிக்கே பாவரும் கூட்டாளிகளும் சில குடுவைகளின் வாயை நாள் முழுக்க ஈரமாகவே வைத்துப் பார்த்தார்கள். அப்போது எறும்புகள் கூட்டங்கூட்டமாக விழுவது குறைந்தது. காரணம் எளிது. காய்ந்த நேரத்தில் வேவு பார்க்க வரும் எறும்பு தேனைக் குடித்துவிட்டுப் பத்திரமாகப் புற்றுக்குப் போய்ச் சேதி சொல்கிறது. உறவுக்காரர்களை எல்லாம் அழைத்து வரும்போது ஈரம் ஏறியிருக்கிறது. எப்போதும் வேலை செய்யும் பொறியைவிட, அவ்வப்போது வேலை செய்யாத பொறிக்கு வரும்படி அதிகம். விழுந்தவை ஏறி வராதபடி உட்சுவரில் பல இனங்களில் மெழுகுப் பூச்சு உண்டு. அடியில் அமிலச் சாறும், புரதத்தை உடைக்கும் நொதிகளும்.

இந்த ஆராய்ச்சியில் ஒரு பங்கு எங்கள் மாவட்டத்திலேயே நடந்தது. பாலோட்டில் 1979-இல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் சபுலால் பேபியின் குழு காசியானாவை வைத்து ஆய்வு செய்தது. 2013-இல் அவர்கள் வெளியிட்ட செய்தி: 366 நானோமீட்டர் புற ஊதா வெளிச்சத்தில் பார்த்தால் குடுவையின் வாய் வளையம் நீலமாக ஒளிர்கிறது. அந்த ஒளி தெரியாதபடி வளையத்தை மறைத்ததும் விழும் இரை வெகுவாகக் குறைந்தது. நம் கண்ணுக்குப் பச்சையாகவோ சிவப்பாகவோ தெரிகிற வாய், பூச்சிக்கு எரியும் நீல வளையமாகத் தெரிகிறது போலும். கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு கையில் இருந்தால், இரவில் வராந்தா லைட்டை அணைத்துவிட்டு உங்கள் செடியையும் பார்க்கலாம். எங்கள் வீட்டில் மின்சாரம் போன நேரத்தில் பிள்ளைகளுக்கு இதுதான் சினிமா.

2017-இல் அதே குழு இன்னொன்றையும் சொன்னது. திறக்காத முற்றிய குடுவைக்குள் அடைந்திருக்கும் காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு பத்து லட்சத்தில் 2500 முதல் 5000 பங்கு வரை இருக்கிறது. வெளிக்காற்றில் அது 400-ஐ ஒட்டித்தான். மூடி திறந்த பிறகும் வாயிலிருந்து கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும். அந்த வாயுவின் தடம் பிடித்துப் பூச்சி வருகிறது. நம் மூச்சைத் தேடி வரும் கொசுவின் சங்கதியும் இதேதான். காசியானாவின் வேரில் பிளம்பாஜின் என்ற வேதிப்பொருள் இருப்பதையும் இவர்கள் அளந்திருக்கிறார்கள். மருந்துக்கடைக்காரர்களுக்கு அது பழைய சரக்கு. கொடிவேலி வேரின் எரிச்சலுக்குக் காரணமும் அதுவேதான்.

தாவரம் மிருகத்தைச் செரிக்கிறது என்று நம்பவைப்பது ஒரு காலத்தில் எளிதாக இருக்கவில்லை. 1850-இல் காசி மலைகளில் செடி தேடித் திரிந்தவரும், பின்னாளில் காசியானாவுக்குப் பெயரிட்டு விவரித்தவருமான ஜோசப் ஹூக்கர், 1874-இல் பெல்ஃபாஸ்டில் நடந்த அறிவியலாளர் கூட்டத்தில் தன் சோதனைகளை எடுத்துச் சொன்னார். முட்டையின் வெள்ளைக்கரு, இறைச்சி, குருத்தெலும்பு எல்லாவற்றையும் குடுவைக்குள் போட்டுப் பார்த்திருந்தார். அடுத்த ஆண்டு பூச்சி தின்னும் செடிகள் பற்றிய டார்வினின் புத்தகம் வந்தது.

இனி வீட்டுக்குள் வருவோம். இந்தச் செடி வளர்ப்பது பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பங்கு குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. கண்ணாடிப் பெட்டி வையுங்கள், ஈரப்பதமூட்டி வையுங்கள், வெப்பப் பாய் விரியுங்கள் என்று இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் வீச் நர்சரிக்காரர்கள் நிலக்கரி எரித்துச் சூடாக்கிய கண்ணாடி வீட்டில்தான் இதை வளர்த்தார்கள். உதியன்குளங்கரையில் அந்தக் கண்ணாடி வீட்டுக்கு ஓடு வேய்ந்த வராந்தா என்று பேர். பகலில் முப்பதைத் தாண்டும் வெப்பம், இரவில் இருபத்தைந்தை ஒட்டி, வருஷத்தில் முக்கால் பங்கு நனைந்த காற்று. அந்தக் குறிப்புகளை வாசித்துவிட்டு நான் வாங்கின கண்ணாடித் தொட்டியில் இப்போது கப்பி மீன் நீந்துகிறது.

எந்தச் செடி என்பதில்தான் கவனம் வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு வென்ட்ரேட்டா. பிலிப்பைன்ஸ் நாட்டு இனங்களான வென்ட்ரிகோசா, அலாட்டா இரண்டையும் கலந்த கலப்பு. நர்சரிகளில் ‘பிச்சர் பிளாண்ட்’ என்று பேர் சொல்லாமல் விற்கிறதில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். நம் வெயிலையும் தாங்கும், மூணாறு குளிரையும் தாங்கும், நம் அறியாமையையும் தாங்கும். மிராண்டாவும் அப்படியே, குடுவை இன்னும் பெரிது. தென்சீனம் முதல் ஆஸ்திரேலியா வரை பரந்து கிடக்கும் மிராபிலிஸ், தரையோடு குடம் அடுக்கியது போல உட்காரும் ஆம்புல்லேரியா ஆகியவை சமவெளிக்காரர்கள், நம் ஊர் இரவு அவற்றுக்குப் பிடிக்கும். ஆம்புல்லேரியா பாதி சைவம். மேலே மரத்திலிருந்து உதிரும் சருகையும் குடுவையில் ஏந்திச் செரித்துக்கொள்ளும். போர்னியோவின் கினபாலு மலையில் 1500 மீட்டருக்கு மேல் வளரும் ராஜா இனத்தின் படத்தைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். குளிர்ந்த இரவு இல்லாமல் அது இங்கே உருகிப்போகும்.

காசியானா நம் வராந்தாவில் நன்றாகவே வளரும். ஆனால் அது அழிவின் விளிம்பில் நிற்கும் இனம். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் அட்டவணையிலும், 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையிலும் இருக்கிறது. காட்டிலிருந்து பிடுங்கி வந்ததை வாங்குவது குற்றம். ஆவணமில்லாமல் ஒருவர் மலிவாக நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீலம், கறுப்பு, வானவில் நிறம் என்று இணையத்தில் விற்கும் நெப்பந்தஸ் விதைகளும் வேண்டாம். நீல நெப்பந்தஸ் என்று ஒன்று கிடையாது. உண்மையான விதையே கிடைத்தாலும் சீக்கிரம் முளைப்புத் திறன் இழந்துவிடும்; முளைத்தாலும் உருப்படியாகப் பார்க்க வருஷங்கள் ஆகும்.

தண்ணீர்தான் அடுத்த கண்டம். வெட்டுக்கல் பூமியில் தோண்டிய கிணற்றுத் தண்ணீர் பொதுவாக மென்மையானது, லேசாக அமிலத்தன்மை உள்ளது. நெப்பந்தஸுக்கு அது தேவாமிர்தம். ஆழமாகத் துளைத்த போர்வெல் தண்ணீர் பாறையின் உப்புகளைச் சுமந்து வரும். குடிநீர் சோதிக்கும் டிடிஎஸ் மீட்டரை எங்கள் வீட்டு இரண்டு தண்ணீரிலும் விட்டுப் பார்த்தேன்: கிணற்றில் இரண்டிலக்கம், போர்வெல்லில் மூன்றிலக்கம். ஐம்பதுக்குள் இருந்தால் நிம்மதி, நூறு வரை சமாளிக்கும், அதற்கு மேல் மாதக்கணக்கில் ஊற்றினால் தொட்டியில் உப்பு சேர்ந்துவிடும். எல்லாவற்றிலும் மேல், ஓட்டிலிருந்து ஒழுகும் மழைநீர். மழை தொடங்கி முதல் கால் மணி நேரத் தண்ணீரை விட்டுவிட்டுப் பிடியுங்கள். துலாவர்ஷ மழையில் நான்கு பெரிய கேன் நிரப்பி நிழலில் வைத்தால் கும்பம், மீன வெயில் வரை வரும்.

தொட்டிக்குள் மண் என்ற பொருளே வேண்டாம். கதம்பையைச் சின்னத் துண்டாக வெட்டி, மழைநீரில் ஊறப்போட்டு, சாயம் போகும்வரை மூன்று நான்கு தடவை நீர் மாற்றுங்கள். தேங்காய்க் கதம்பையில் உப்பு உண்டு, காயலில் அழுக வைத்ததில் இன்னும் அதிகம். அதோடு கழுவிய சிரட்டைக்கரி, கொஞ்சம் பெர்லைட், கிடைத்தால் ஸ்பாக்னம் பாசி. கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரியவேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. வெறும் சகிரிச்சோறு (தேங்காய்நார்த் தூள்) மட்டும் போட்டால் சேறாகிக் காற்று போகாமல் வேர் மூச்சடைக்கும். தொட்டியைத் தட்டில் தண்ணீர் வைத்து உட்காரவைக்காதீர்கள். மேலிருந்து ஊற்றி அடியில் வடியவேண்டும்.

வெளிச்சம் காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம், மற்ற நேரம் பளிச்சென்ற நிழல். மேற்குச் சுவர் ஆகவே ஆகாது, சாயங்காலம் ஆறு மணிக்கும் அது அடுப்புக்கல் போலத் தகிக்கும். அறைக்குள்ளேதான் வைக்கவேண்டும் என்றால் ஜன்னலோரம். அதுவும் இல்லையென்றால் ஒரு அடி மேலே வெள்ளை எல்இடி விளக்கைப் பகலெல்லாம் எரியவிடலாம். ஏசி அறையில் மட்டும் வைக்கவேண்டாம். ஏசி காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். இலை வளரும், அதன் நுனி மொட்டு கறுத்துக் காய்ந்துபோகும், குடுவை வராது.

வாங்கிவந்த புதிதில் இருந்த குடுவைகள் ஒவ்வொன்றாகக் காய்வதைப் பார்த்துப் பதறாதீர்கள். இடம் மாறிய கோபம் அது. புது இலையில் வருவதுதான் கணக்கு. குடுவை மேலிருந்து பழுப்பேறினால் பழுப்பை மட்டும் கத்தரியுங்கள், அடிப்பாதி இன்னும் செரித்துக்கொண்டிருக்கும். வழியில் சாறு கொட்டியிருந்தால் கால் பங்கு மழைநீர் ஊற்றினால் போதும்.

சாப்பாடு? வராந்தாவில் எறும்புக்கா பஞ்சம். நான் ஒன்றும் போடுவதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு பெரியவர் பாசத்தில் ஒரு துண்டு மீனைப் போட்டுவிட்டார். இரண்டு நாளில் குடுவை அழுகி வாடை வராந்தாவைத் தாண்டியது. எறும்பால் ஒரு தொல்லையும் உண்டு. குடுவையில் விழுந்து சாகும் அதே எறும்பு, தண்டில் மாவுப்பூச்சியைக் கொண்டுவந்து மேய்க்கும். இலைக் கக்கத்தில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் ஈரத் துணியால் உடனே துடைத்துவிடுங்கள்.

டெங்குக் காலத்தில் எல்லாரும் கேட்கிற கேள்வி: குடுவைத் தண்ணீரில் கொசு வளராதா? காட்டில் சில கொசு இனங்களின் புழுக்கள் குடுவைக்குள் வாழவே பழகியிருக்கின்றன, உண்மை. வீட்டில் நல்ல நிலையில் உள்ள, அமிலம் ஏறிய குடுவை கொசுவுக்குச் சுகமான இடம் இல்லை. என்றாலும் வாரம் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்; புழு நெளிந்தால் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். சந்தேகப்படவேண்டியது செடிக்கடியில் வைக்கும் தட்டை. சுகாதாரத் துறைப் பெண்கள் சோதனைக்கு வந்தபோது எங்கள் வீட்டில் புழு இருந்தது ரோஜாத் தொட்டியின் தட்டில்.

இரண்டாம் வருஷம் செடி தன் சுயரூபத்தைக் காட்டும். குட்டையாக உட்கார்ந்திருந்தது கொடியாக ஏறத் தொடங்கும். மேலே வரும் குடுவைகள் ஒல்லியாக, புனல் மாதிரி மாறும். அது பிடிக்கவில்லையென்றால் மழை தொடங்கியதும் வெட்டிவிடுங்கள். வெட்டின தண்டை மூன்று கணுவாக நறுக்கி, இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, ஈரப் பாசியில் செருகி, மேலே பிளாஸ்டிக் பை கவிழ்த்தால் ஒன்றிரண்டு மாதத்தில் வேர்விடும். தாய்ச்செடி அடியிலிருந்து புதுக் குருத்து தள்ளும்.

போன இடவத்தில் வெட்டின தண்டுகளில் ஒன்றைப் பக்கத்து வீட்டு மாமிக்குக் கொடுத்தேன். “மக்கா, இதுக்கு என்ன வளம் போடணும்?” என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் மாமி, மாட்டுத் தொழுத்துப் பக்கமே கொண்டுபோகாதீங்க என்றேன். நம்பாத மாதிரி பார்த்தார். இப்போது அவர் வீட்டுக் குடுவை என் வீட்டுக் குடுவையைவிட ஒரு விரல் பெரிது. அவர் வீட்டில் போர்வெல் கிடையாது.